நம்ம ஊர் முடி

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, அம்மா தமிழில் சொன்ன ஒரு வரியை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். தவறிப்போய் அல்ல, தெரிந்தேதான். நாலே வார்த்தை. அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார், நன்றி சொன்னார், கிளம்பிப் போனார். அந்த நாலு வார்த்தை அதற்கப்புறம் என்னை விடவில்லை. இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை பாதியில் நிறுத்தியிருக்கிறேன். யூதர்களைப் பற்றி எழுதினாலே இப்போது ஆளாளுக்கு ஒரு அரசியலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அது இங்கே வேண்டாம். இது முடியைப் பற்றிய விஷயம்.

எதிரில் இருந்தவர் என்னோடு ஒரு சின்ன கணக்கு அலுவலகத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். பெயர் வேண்டாம், பக்கத்து மேசை என்றே சொல்கிறேன். ஆர்த்தடாக்ஸ் யூதப் பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், ஐந்து குழந்தைகள், வேலையில் புலி. டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் இரண்டரைக்கே கிளம்பிவிடுவார், ஏனென்றால் அங்கே அப்போது நாலரைக்கு இருட்டிவிடும், சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிஷம் முன்னால் வீட்டில் ஓய்வுநாள் மெழுகுவர்த்தி ஏற்றியாக வேண்டும். ஏப்ரல் 15 வருமான வரிக் கெடுவும் பஸ்கா பண்டிகையும் சில வருஷங்களில் ஒன்றாக வந்து விழும். ஊரே பிடரியில் கால்பட ஓடிக்கொண்டிருக்கும்போது இவர் தன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருப்பார். ரொட்டித் துணுக்கு எதுவும் இருக்கக் கூடாதாம். அந்த எட்டு நாளும் புளித்த மாவு ஒரு பொடிகூடத் தன் வசம் இருக்கக் கூடாது என்பதால் வீட்டில் மிச்சமிருக்கும் பாஸ்தா, விஸ்கி எல்லாவற்றையும் ராபி என்கிற அவர்கள் மதகுரு மூலமாக யூதரல்லாத ஒருவருக்கு முறைப்படி பத்திரம் எழுதி விற்றுவிடுவார். பண்டிகை முடிந்ததும் அது திரும்பி வந்துவிடும். கணக்குப் பிள்ளைகளான எங்களுக்கு அந்தப் பத்திரத்தைப் பார்க்க அவ்வளவு ஆசை.

ஏன் ஏன் என்று கேட்ட காலம்

நான் கேள்வி கேட்கிற ஜாதி. பால் சாமான் கலந்த எதையும் இறைச்சி சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குத் தொடமாட்டேன் என்பார், ஏன் ஆறு என்பேன். எங்கள் குடும்ப வழக்கம் ஆறு, ஜெர்மனிப் பக்கத்து யூதர்களுக்கு மூன்று, ஹாலந்துக்காரர்களுக்கு ஒன்று என்பார். அப்படியானால் எது சரி என்பேன். எல்லாம் சரி என்பார். வேதத்தில் இருப்பது என்னவோ ‘ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்காதே’ என்ற ஒரே வரி, அது மூன்று இடத்தில் வருகிறது. அந்த ஒரு வரியிலிருந்து இரண்டு செட் பாத்திரம், இரண்டு சிங்க், கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிற ஒரு வாழ்க்கை முளைத்திருக்கிறது. ஓய்வுநாளில் செய்யக் கூடாத வேலை வகைகள் 39. அதில் கிழிப்பதும் ஒன்று என்பதால் டாய்லெட் பேப்பரைக்கூட முந்தைய நாளே கிழித்து அடுக்கி வைப்பார்களாம். இதைக் கேட்ட அன்று நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் கிழித்துத்தான் வைத்திருப்பார்.

எல்லாவற்றுக்கும் ஒரு சுகாதாரக் காரணம் இருக்கும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் சாணி தெளிப்பது கிருமிநாசினி, தோப்புக்கரணம் மூளைக்கு நல்லது என்று வாட்ஸப்பில் வருமே, அந்த மாதிரி. பன்றி இறைச்சியில் நாடாப்புழு இருக்கும், பாலைவனத்தில் அந்தக் காலத்தில் ஃபிரிட்ஜ் கிடையாது, அதனால்தான் தடை என்று ஒரு நாள் அவருக்கே நான் விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கீழே இருக்கிற கடையில் காலையில் பேக்கன் பொரிக்கும்போது மேலே வாசனை வரும் இல்லையா? எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்.” அவ்வளவுதான், வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான் அது ஏறக்குறைய ஆயிரத்து தொள்ளாயிரம் வருஷத்துப் பழைய பதில் என்று தெரிந்தது. எலாசார் பென் அசரியா என்ற ராபி சொன்னது. பன்றி எனக்குப் பிடிக்காது என்று சொல்லாதே, பிடிக்கும், ஆனால் என்ன செய்வேன், பரலோகத்திலிருக்கிற என் அப்பா வேண்டாமென்றுவிட்டாரே என்று சொல். அதாவது, பிடிக்காததைச் சாப்பிடாமல் இருப்பதில் என்ன இருக்கிறது?

ஆனால் காரணம் தேடியவர்கள் அவர்களிலேயே உண்டு, அதுவும் சாதாரண ஆட்கள் இல்லை. கெய்ரோவை ஒட்டிய ஃபுஸ்டாட்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, 1204 இல் இறந்துபோன மைமோனிடிஸ், அவர்கள் வேதமான தோராவின் 613 கட்டளைகளையும் வரிசைப்படுத்தி எழுதியவர், ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். பன்றி அசுத்தத்தில் உழல்கிற பிராணி, அது வீட்டுக்குள்ளும் தெருவிலும் திரிந்தால் ஊர் நாறிப்போகும் என்று வைத்தியராகவே பேசினார். அவரும் ஒரு எல்லை வைத்திருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பலியிடச் சொன்னதற்குக் காரணம் உண்டு, ஆனால் இந்தப் பலிக்கு ஏன் செம்மறிக்குட்டி அந்தப் பலிக்கு ஏன் கடா என்று தோண்டிக்கொண்டு போகிறவனுக்குப் பைத்தியம் தெளியவே தெளியாது என்கிற மாதிரி எழுதிவைத்தார். அவருக்கு ஏறக்குறைய 300 வருஷம் கழித்து ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட அபர்பனேல் இந்த உடல்நலக் காரணத்தை ஒரு பிடி பிடித்தார். அப்படியானால் கடவுளின் வேதம் ஒரு சின்ன மருத்துவக் கையேடா? பன்றி தின்கிற அண்டை வீட்டுக்காரர்களெல்லாம் நம் கண் முன்னாலேயே திடகாத்திரமாகத்தானே இருக்கிறார்கள்? எனக்கு இந்த மனிதரை உடனே பிடித்துப்போயிற்று.

இதில் எனக்கு மறக்காத இடம் அவர்களுடைய பழைய சட்ட விவாதத் தொகுப்பான தால்முத்தில் வருகிற சாலமோன் ராஜா கதை. தோராவின் கட்டளைகளுக்கு ஏன் காரணம் சொல்லப்படவில்லை என்று கேட்டு, அவர்களே பதில் சொல்கிறார்கள்: இரண்டு இடத்தில் காரணம் சொல்லப்பட்டது, உலகத்திலேயே பெரிய ஞானி அந்த இரண்டிலும் தடுக்கி விழுந்தான். ராஜா நிறைய மனைவிகளை வைத்துக்கொள்ளக் கூடாது, அவன் மனம் திரும்பிவிடும் என்று தோராவில் உபாகமம் சொல்கிறது. என் மனம் திரும்பாது என்றான் சாலமோன், நிறையக் கட்டிக்கொண்டான், திரும்பியது. நிறையக் குதிரைகள் வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்காக ஜனங்களை எகிப்துக்கு அனுப்ப வேண்டிவரும் என்கிறது. நான் அனுப்பமாட்டேன் என்றான், அனுப்பினான். காரணம் தெரிந்த மறு நிமிஷமே புத்திசாலி அதில் ஒரு சந்து கண்டுபிடித்துவிடுவான். வரிச் சட்டத்தில் இருபது வருஷம் காலம் தள்ளிய எனக்கு இதைத் தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போனவர் யெஷயாகு லீபோவிட்ஸ். ஜெருசலேமில் விஞ்ஞானப் பேராசிரியராக இருந்தவர், 1994 இல் காலமானார். கட்டளைகளால் மன அமைதி வரும், குடும்பம் உருப்படும், சமூகம் ஒற்றுமையாகும் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அந்தப் பலனுக்காகச் செய்தால் நீ உன்னைத்தான் கும்பிடுகிறாய், கடவுளை அல்ல என்பது அவர் கட்சி. கடவுளுக்குச் செய்கிற ஊழியம், அவ்வளவுதான், வேறு நோக்கம் கிடையாது. ஒரு விஞ்ஞானி இப்படிப் பேசியது எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. பக்கத்து மேசையிடம் இவரைப் பற்றிக் கேட்டேன். “அவர் ரொம்பக் கறார். எனக்குக் கொஞ்சம் மன அமைதியும் வந்தால் வேண்டாமென்று சொல்லமாட்டேன்” என்றார்.

எரித்த கதை

அவர் முடி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். தோள் வரை, பழுப்பு நிறம், ஒரு இழை கலையாது. அது விக் என்று எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது. கல்யாணமான பெண் தன் கூந்தலை வெளியில் காட்டக் கூடாது. தோராவில் எண்ணாகமத்தில், சந்தேகத்துக்கு ஆளான ஒரு மனைவியின் தலைமுடியை ஆசாரியன் அவிழ்த்துவிடுவதாக ஒரு வரி வருகிறது. அவிழ்த்துவிடுகிறான் என்றால் அதுவரை மூடியிருந்தது என்றுதானே அர்த்தம், அங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள். துணியால் மூடுகிறவர்கள் உண்டு, தொப்பி உண்டு, ஷெய்ட்டல் என்று அவர்கள் சொல்கிற விக் உண்டு, விக்குக்கு மேல் தொப்பியும் வைக்கிறவர்கள் உண்டு. ஹசிதிக் என்கிற தீவிர பக்திப் பிரிவின் சில கூட்டங்களில் உள்ளே மழித்தே விடுகிறார்கள்.

சரி, மூடுவது அடக்கத்துக்காக என்றால், சொந்த முடியைவிட அழகான முடியால் மூடுவது எப்படி அடக்கம் ஆகும்? நான்தான் கேட்டேன் என்று நினைக்க வேண்டாம், அவர்களுக்குள்ளேயே 500 வருஷமாக நடக்கிற சண்டை இது. இஸ்ரேலில், ஸ்பெயின் வழிவந்த செபார்டி யூதர்களின் தலைமை ராபியாக இருந்த ஓவாதியா யோசேஃப் விக்கே கூடாது என்று கடைசி வரை சொன்னார். நியூயார்க்கில் மோஷே ஃபைன்ஸ்டைன் என்ற பெரிய ராபி கூடும் என்றார். என் பக்கத்து மேசையோ, “சட்டம் என் முடியை மூடச் சொல்கிறது, என்னை அசிங்கமாக்கச் சொல்லவில்லை” என்று முடித்துவிட்டார்.

அந்தப் பேச்சின் நடுவில்தான், “இது என் இரண்டாவது ஷெய்ட்டல், முதலாவதை எரித்துவிட்டோம்” என்றார்.

2004 மே மாதம். ஜெருசலேமில் எலியாஷிவ் என்ற ராபி, அப்போது தொண்ணூறைத் தாண்டியவர், அவர்கள் உலகத்தில் அவர் சொல்லுக்கு அப்பீல் கிடையாது, இந்தியாவிலிருந்து வருகிற கோயில் முடியில் செய்த விக்குகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். கோயில் என்றால் திருப்பதி. விக்கிரகத்துக்குப் படைத்த பொருளிலிருந்து எந்தப் பலனும் அடையக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அணியக் கூடாது, விற்கக் கூடாது, இனாமாகக்கூடக் கொடுக்கக் கூடாது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிலையைக்கூட அதைக் கும்பிட்டவனே மூக்கு நுனியை உடைத்து வெறும் கல்லாக்கிவிட முடியும், அதற்கப்புறம் அந்தக் கல்லுக்குத் தடை இல்லை. படையலுக்கு அந்த வழி கிடையாது. படைத்தது படைத்ததுதான், எரித்துத்தான் ஆக வேண்டும். புரூக்ளினில் தெருவில் வைத்து எரித்தார்கள், இஸ்ரேலில் ப்னெய் ப்ராக்கில் எரித்தார்கள். ஆயிரம், இரண்டாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய விக்குகள். பக்கத்து மேசைக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம், மாமியார் வாங்கிக் கொடுத்த விக். கறுப்புக் குப்பைப் பையில் போட்டு இரண்டு வாரம் கராஜில் வைத்திருந்துவிட்டு, அப்புறம் கணவரின் மாமா வீட்டுக் கொல்லையில் ஒரு தகர டிரம்மில் எரித்திருக்கிறார்கள். “பிளாஸ்டிக் மாதிரி உருகும் என்று நினைத்தேன், உருகவில்லை. சுருண்டது. ஒரு ஆள் எரிகிற நாற்றம்” என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் எங்கள் வீடு ஆரணிப் பக்கம், திருப்பதி எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. எனக்கு நாலு வயதில் டைஃபாய்டு வந்து பதினெட்டு நாள் கிடந்தபோது அம்மா வேண்டிக்கொண்டு, நான் எழுந்து உட்கார்ந்ததும் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. பூமுடி கொடுத்தால் போதாதா, மூன்று கத்தரி வைத்தால் சாமி ஏற்காதா என்று பாட்டி தடுத்தாராம், கேட்கவில்லை. சந்தனம் பூசிய மஞ்சள் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியாமல், அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கத்தினேன். அது எனக்கு நினைவிருக்கிற முதல் விஷயங்களில் ஒன்று. அந்த முடியைத் தொட்டால் பாவம் என்று எரித்தார்களா? மூன்று நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும், கிளறவில்லை.

கோபம் தணிந்து படிக்க ஆரம்பித்தபோதுதான் இன்னொரு பக்கம் தெரிந்தது. எலியாஷிவ் இதை உட்கார்ந்த இடத்திலேயே தீர்மானிக்கவில்லை. முன்பு ஒருமுறை இதே கேள்வி வந்தபோது, கிடைத்த தகவலை வைத்து அனுமதிதான் கொடுத்திருந்தார். சந்தேகம் திரும்ப வந்ததும், லண்டனில் மார்க்க நீதிபதியாக இருந்த டன்னர் என்ற ராபி திருமலைக்கே அனுப்பப்பட்டார். போய்ப் பார்த்து, நாவிதர்களிடமும் பக்தர்களிடமும் கேட்டு வரச் சொன்னார்கள். கேள்வி இதுதான்: இந்தப் பெண்கள் முடி கொடுக்கிறார்களே, அந்த முடி சாமிக்குக் கொடுக்கும் படையலா, அல்லது அழகைத் துறப்பதற்காகக் கழித்துப் போடுவதா? படையல் என்றால் தடை, கழிவு என்றால் தடை இல்லை. முடி இறக்குவது கல்யாணகட்டாவில், மூலவர் சன்னதிக்கு வெகு வெளியே, அங்கே விக்கிரகமே இல்லை, அது எப்படிப் படையல் ஆகும் என்று வாதாடிய ராபிகள் இருந்தார்கள். விக்கிரகத்தின் முன்னால் ஒருவன் வழிபாடாக ஒரு குச்சியை முறித்தால் அது பலியிடுவதற்குச் சமம் என்று தால்முத்தில் ஒரு பேச்சு வருகிறது, முடியை வெட்டுவதும் அது போலத்தானே என்று இன்னொரு கட்சி. டன்னர் கொண்டுவந்த தகவல், வெட்டுவதே வழிபாடு என்ற பக்கம் சாய்ந்தது. தீர்ப்பு வந்தது.

இதில்தான் நான் வெகு நேரம் நின்றுவிட்டேன். தங்கள் சட்டத்துக்கு ஏன் என்று கேட்காதே, கேட்டால் சாலமோன் மாதிரி விழுவாய் என்று சொல்கிறவர்கள், ஆரணிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்ன நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள் என்று தெரிந்துகொள்ளக் கடல் தாண்டி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். முடியை ஏலம் எடுக்கிறவர் கேட்கவில்லை. அலசி, நிறம் போட்டு, விக்காகத் தைத்தவர் கேட்கவில்லை. நானே அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நம் சடங்கை அவர்கள் அவமதித்தார்கள் என்று கொதித்தேன், சரி. ஆனால் அதை வெறும் சரக்காகப் பார்க்காமல், அது நிஜமாகவே போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பொருள் என்று நம்பியதும் அவர்கள்தான். கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். எரித்தது எரித்ததுதான்.

காகிதக் கப்

2013 இல் அம்மா ஆறு மாசம் எங்களோடு வந்து இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து மேசை ஏதோ ஃபைல் கொடுக்க வீட்டுக்கு வந்தார். யார் வந்தாலும் அம்மா செய்வதைத்தான் செய்தார்: பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறக்கி, எவர்சில்வர் டம்ளரில் நுரை பொங்க காபி. இவர் முகம் சங்கடத்தில் சிவந்துபோயிற்று. சூடான பானம், எங்கள் பாத்திரம், எங்கள் பால், எதுவும் ஆகாது. வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் என்னைப் பார்க்கிறார்.

தனி டம்ளர் என்றால் நம் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு. டீக்கடைப் பெஞ்சுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்ட குவளை பற்றித் தெரிந்தவர்கள் யாரும், உன் பாத்திரத்தில் குடிக்கமாட்டேன் என்கிற ஆளைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. அதனால் அந்த நிமிஷம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இத்தனை வருஷம் ஆபீசில் அவர் சாப்பாடு, என் சாப்பாடு என்று இருந்தபோது தோன்றாதது, அம்மா நீட்டிய டம்ளர் அந்தரத்தில் நின்றபோது தோன்றியது. கோஷர் என்கிற அவர்களுடைய உணவுச் சட்டம் கட்டுவது அதைக் கடைப்பிடிக்கிறவரைத்தான், எதிராளியைத் தாழ்த்துவதில்லை என்று எனக்கு ஒரு விளக்கம் தெரியும். அதே சமயம், மற்ற ஜனங்களிலிருந்து உங்களைப் பிரித்தெடுத்தேன் என்று லேவியராகமத்தில் உணவுத் தடையை ஒட்டியே வருவதும் தெரியும். இரண்டும் நிஜம். தராசு ஒரு பக்கமும் சாயவில்லை.

அம்மா என் முகத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். “இன்னா, விரதமா?” என்றார். அந்த மாதிரிதான் என்றேன். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்று உள்ளே போனார். எங்கள் மாமா சபரிமலைக்கு மாலை போட்டால் நாற்பத்தொரு நாளும் அவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. அதில் பழகிய கை. பேத்தியின் பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமிருந்த, பலூன் படம் போட்ட காகிதக் கப்பைப் பிரிக்காத கவரோடு கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே பிரித்து, குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். கவரோடு கொண்டுவந்ததுதான் விசேஷம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் ஆறு வருஷமாகக் கேட்டதை அம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

தண்ணீரைக் குடிப்பதற்கு முன் அவர் வாய்க்குள்ளே ஏதோ முணுமுணுத்தார். தண்ணீருக்கும் ஒரு துதி உண்டு. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அப்புறம் மூவரும் உட்கார்ந்து பேசினோம், நான் நடுவில் மொழிபெயர்ப்பு. எப்படியோ பேச்சு என் டைஃபாய்டுக்கு வந்து, திருப்பதிக்கு வந்தது. நான் கொண்டுவரவில்லை, அம்மாதான். பக்கத்து மேசை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ரொம்ப மரியாதையாக, ஒரு விஷயம் கேட்கலாமா என்றார். உங்கள் முடியை நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள்?

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வேண்டிக்கினேன், எறக்கினேன். சாமிக்கு முடி எதுக்கு? அதுக்கு இன்னா தலையில முடி இல்லையா? கொடுக்கறேன்னு சொன்னேன், கொடுத்தேன், அவ்ளோதான்.”

இதை நான் எப்படி மொழிபெயர்ப்பது? முடி இறக்குவது என்றால் பாரத்தை இறக்குவது போல, அப்படிச் சொன்னால் அது கழித்துப் போடுவது, அனுமதி. முடி கொடுப்பது என்றால் கொடுக்கல் வாங்கல், வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார், சிக்கல். முடி காணிக்கை என்று போர்டில் எழுதியிருப்பதைச் சொன்னால் படையல், தடை. அம்மா ஒரே மூச்சில் இறக்கினேன் என்றும் சொல்லிவிட்டார், கொடுத்தேன் என்றும் சொல்லிவிட்டார், சாமிக்கு அது வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது திருமலையில் டன்னருக்குப் பக்கத்தில் நின்று தெலுங்கையும் தமிழையும் இங்கிலீஷாக்கிய யாரோ ஒருவர் கண்ணுக்குள் வந்தார். அவர் வாயில் அன்று எந்த வார்த்தை முதலில் வந்திருக்கும்? அந்த ஒரு வார்த்தைக்கு புரூக்ளினில் எத்தனை டிரம் எரிந்தது?

‘ப்ராமிஸ்’ என்றேன் நான். நேர்ந்துகொண்டாள், நேர்ந்ததைச் செய்தாள். அது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. பக்கத்து மேசை மெதுவாகத் தலையை ஆட்டினார். எங்களிலும் இருந்தது என்றார். எண்ணாகமத்தில் நசரேயன் என்று ஒருவன் வருகிறான். விரதம் இருக்கிறவரைக்கும் முடி வெட்டாமல் வளர்த்து, விரதம் முடிந்ததும் ஆசரிப்புக் கூடாரத்து வாசலிலே சிரைத்து, அந்த முடியை எடுத்து பலிக்கு அடியில் எரிகிற நெருப்பில் போடுகிறவன். “ஏன் நெருப்பில் போடுகிறான் என்று என் மகள் கேட்டாள். போட வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்றேன்” என்றார். இதை அம்மாவிடம் சொன்னேன். “அப்ப அவங்களும் எறக்கறவங்கதான்” என்றார் அம்மா, பெரிய விஷயம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி.

கிளம்புகிற நேரம். அம்மா அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சவுரியா அது என்று என்னிடம் கேட்டார். ஆமாம், சவுரி மாதிரிதான், முழுத் தலைக்கு. தொட்டுப் பார்க்கலாமா என்று கேள் என்றார். பக்கத்து மேசை சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்துக் காட்டினார். இது இந்திய முடி இல்லை, ஐரோப்பாவிலிருந்து வந்தது, ராபியின் சான்றிதழ் இருக்கிறது என்று, எங்கே அம்மா மனம் புண்படுமோ என்று, என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா ஓரத்திலிருந்து ஒரு கற்றையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடினார், மல்லிகைப் பூ வாங்கும்போது காம்பைப் பார்ப்பாரே, அந்த மாதிரி. இன்னொரு முறை நெருடினார்.

“நம்ம ஊரு முடிதான் இது.”

என்ன சொல்கிறார் என்று கேட்டார் அவர். ரொம்ப மிருதுவாக இருக்கிறது என்கிறார் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குப் பல காரணம் வைத்திருக்கிறேன். ஆரணியில் பட்டுநூல் பார்த்த விரல்தான் அம்மாவுடையது, ஆனாலும் விரல் நெருடுவது எந்தச் சட்டத்திலும் சாட்சி ஆகாது. சான்றிதழ் கொடுத்தவருக்குத் தெரியாததா அம்மாவுக்குத் தெரியும்? இன்னொரு டிரம், இன்னொரு கறுப்புப் பை, ஐந்து பிள்ளைக்காரி, இரண்டாயிரம் டாலர். பிறகு படித்ததில் அவர்களுடைய சட்டத்திலேயே இதற்கு ஒரு இடம் இருப்பது தெரிந்தது: சொன்னாலும் விடமாட்டார்கள் என்று தெரிந்த சில விஷயங்களில் ஜனங்களைத் தெரியாமல் தவறவிடு, தெரிந்தே தவறுவதைவிட அது மேல். படித்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் யோசித்தால், அந்த விதி இவருக்குப் பொருந்தாது. சொல்லியிருந்தால் இவர் மறுநாளே எரித்திருப்பார். காரணம் தெரிந்த உடனே எனக்குச் சாதகமாக ஒரு சந்து கண்டுபிடித்திருக்கிறேன், சாலமோன் கெட்டான்.

அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். வருஷா வருஷம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வருகிற அவர்கள் புத்தாண்டுக்கு நான் வாழ்த்து அனுப்புவேன், பொங்கலுக்கு அவர் அனுப்புவார். பிள்ளைகள் படம் வரும். எத்தனையோ முறை எழுத நினைத்து எழுதவில்லை. போன மாதம் ஆரணிக்குப் பேசும்போது அம்மாவிடமே கேட்டேன், அன்றைக்கு அந்த முடியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாயே, நிஜமாகவே தெரிந்துதான் சொன்னாயா என்று.

“எந்த முடி?” என்றார் அம்மா. நான் விளக்கினேன். அவருக்கு நினைவில்லை. “காபி குடிக்காம பேப்பர் கப்புல தண்ணி குடிச்சிட்டுப் போச்சே, அந்தப் பொண்ணா? நல்ல பொண்ணு. நல்லா இருக்குதா?”

நல்லா இருக்கிறார் என்றேன்.